எங்கள் மலைக்கும் பயம் உண்டு

அவைக்கு அணிசெய்யும் தலைவர் கிங்ஸ்லி அவர்களே, முழங்கால் வலியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஏலத்தோட்ட வேலை முடித்து முகம் கழுவவும் நேரமின்றி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம், ஸலாம்! புலியடிப்பாறைக்கு ஜீப் ஓட்டும் அல்தாப் பேசுகிறேன்.

இன்று பொறாமையைப் பேச வந்திருக்கிறேன். எதிர்மலையில் வரட்டுமேடு மின்னுகிறதே, தார்ச்சாலை யாருக்கு? வரட்டுமேட்டுக்கு! செல்போன் டவர் யாருக்கு? வரட்டுமேட்டுக்கு! வாசல்வரை ஆம்புலன்ஸ் யாருக்கு? இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள், அவர்கள் காதிலும் விழட்டும்! வயிறு எரிகிறது ஐயா, பற்றி எரிகிறது!

அவர்கள் உழைப்பாளிகள், நாம் சோம்பேறிகளா? இல்லை! ஆயுதக் கும்பலொன்று எல்லைக் காட்டைக் கடக்கிறது என்று முன்பொரு வதந்தி. அதிகாரிகள் இரண்டு ஊருக்கும் வந்தார்கள். வரட்டுமேட்டு ராக்கையா என்ன சொன்னார்?

"ஆமாய்யா, ராத்திரி அங்கன வெளிச்சம் தெரியுது. பயமாத்தேன் இருக்கு."

பன்றி விரட்டுகிற டார்ச் வெளிச்சம் அது! ஆனாலும் காவல் முகாம் வந்தது. முகாமுக்கு வண்டி ஏற வேண்டுமே, சாலையும் வந்தது.

நாம் என்ன செய்தோம்? கோழி அடித்துச் சோறு போட்டோம். ஊர் மானம் போய்விடக் கூடாதே என்று, "எங்க ஊருக்குள்ள ஒரு வம்புதும்பு கிடையாதுங்கய்யா" என்று மார்தட்டினோம். சாப்பிட்டுக் கைகழுவிப் போனவர்கள் திரும்பவே இல்லை. சிரிக்காதீர்கள், பரிமாறியதில் நானும் ஒருவன்!

இத்தனை காலம் கழித்து நாளை அதே அதிகாரிகள் மறுபடி வருகிறார்கள். நம் ஹேமாவதிக்கு இது நிறைமாதம். என் ஜீப் ஊருக்குக் கீழே பாறைத் திருப்பம் வரைதான் ஏறும், அதைத் தாண்டாது. வலி வந்தால் அவளை எப்படி இறக்குவது? அதனால்தான் நேற்று நானே சொன்னேன், நாமும் டார்ச் அடிப்போம், நாமும் பொய் சொல்வோம் என்று. அவள் தாயார் சுப்புத்தாய், அதோ நிற்கிறாரே, என்னைப் பிடித்து வைதார்.

"ஏலே அல்தாப்பு, பொய்யி எதுக்குடா? நமக்குப் பயமில்லைன்னு எவன் சொன்னான்? எம்மகளை எப்பிடி இறக்குவேன்னு கண்ணு மூடாமக் கிடக்கேனே, அது பயமில்லையா? அதைச் சொல்லுடா!"

சொல்வோம் ஆத்தா! நாளை கோழியும் இல்லை, மார்தட்டலும் இல்லை. ஹேமாவதியை நடுவில் அமர்த்தி, ஊரே ஒரே குரலில் கேட்போம்: ஐயா, துப்பாக்கிக்குப் பயந்தால்தான் சாலையா? பிரசவத்துக்குப் பயந்தால் கிடையாதா?

பொறாமைக்காரன் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. விடிந்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிடுங்கள். வணக்கம்!