ஜன்னல் புட்டிக்குக் காவலிருந்த சென்னியம்மாளுக்கு

காலிப் புட்டியின் விலை ஒன்றேகால் ரூபாய். அதில் அடங்கும் ஆற்றின் விலைக் கட்டத்தில் எங்கள் இருப்புப் பதிவேடு வெறுங்கோடு இட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் காவலிருந்த அம்மையே, சேலத்து ஆற்று மீட்பு ஆய்வகத்தில் பதினோர் ஆண்டு புட்டி கழுவி, புனல் மொண்டு, இன்று பணிநிறைவு காணும் சென்னியம்மாளே, வணக்கம்.

ஆற்றுத் துறைக்கு ஒரு புட்டி நீர் என்பது விதி. இரண்டு மொண்டது தங்கள் கை. ஒன்று சோதனைக்கு, மற்றொன்று மூடி இறுக்கி ஜன்னலோரத்துக்கு. "ஏனுங்கம்மா, ஆத்தை ஊட்டுக்குள்ள வளர்க்கறீங்களா?" என்று கேலி பேசினோம். "சந்தையில நிக்கறப்ப எல்லா மாடும் சாதுதான் சாமி. எட்டு நாள் கட்டிப் பார்க்கோணும்" என்றீர்கள்.

எண்பத்து நான்காம் ஆண்டு ஆடிப்பெருக்கு நீராட்டுக்கு ஆற்றைத் திறக்க நாள் குறித்திருந்தோம். ஜவ்வரிசி ஆலைக் கழிவைத் தடுத்தாயிற்று, கறுத்த சேற்றைத் தோண்டியாயிற்று. சேறு நல்ல உரம், வண்டிக்கு நல்ல விலை வரும் என்று படித்துறைக்குச் சற்று மேலே கரையிலேயே அதைக் குவித்து வைத்தது எங்கள் சாமர்த்தியம். விலை படியுமுன் இரண்டு மழை அதைக் கரைத்து ஆற்றில் இறக்கியது. உரத்தைப் பாசி வாங்கிக்கொண்டது. ஆறு அதைக் காட்டிக்கொள்ளாமல் கண்ணாடியாய்க் கிடந்தது. தவளைச் சத்தமும் இல்லை. அதையும் தூய்மை என்றே எடுத்துக்கொண்டோம்.

விழாவுக்கு முந்தின நாள், ஜன்னலில் மற்றவை தெளிந்திருக்க, நீராட்டுப் படித்துறைப் புட்டி மட்டும் பச்சையாய் நின்றது. விடியலில் பச்சை ஏறி மூடியைத் தொட்டது. மாலையில் இறங்கி அடியில் படுத்தது. திறந்தவர் இல்லை, அசைத்தவர் இல்லை. அதைப் பொறியாளர் காளியண்ணன் மேசையில் வைத்து, "இதுல ஒரு வாய் குடிச்சுப்போட்டு அப்பறம் கையெழுத்துப் போடுங்க சாமி" என்றீர்கள். அவர் பேனாவை மூடினார்.

மறுநாள் துறையில் கயிறு கட்டி நின்றீர்கள். மஞ்சள் சரடும் குழந்தைகளுமாய் வந்த பெண்கள், "ஆத்தைக் கட்டிப்போட இவ யாரு?" என்று ஏசியதைத் தாங்கள் ஒருவரே வாங்கிக்கொண்டீர்கள். இளவெயில் படர, எல்லோரும் பார்த்திருக்கையிலேயே அடியிலிருந்து பச்சை எழுந்து நீரை மூடியது. கயிற்றுக்கடியில் நுழைந்து குடித்த ஏழு ஆடுகள் பொழுது சாயுமுன் படியிலேயே கிடந்தன. ஏசியவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினர்.

சேற்றுக் குவியலை அகற்றிவிட்டோம். ஆறு இன்னும் மீளவில்லை. இப்போது நாங்களும் துறைக்கு இரண்டு புட்டி மொள்கிறோம். அந்தப் பழைய புட்டி மட்டும் இன்றும் விடியலில் ஏறி மாலையில் இறங்குகிறது. அதைக் கழுவ எங்களில் எவருக்கும் கை வரவில்லை.

தெளிந்த கண்ணும் தளராத காலும் தங்களுக்கு நெடுநாள் நிலைக்கட்டும். கயிறில்லாத ஆடிப்பெருக்கில் அத்துறையின் முதல் முழுக்கு தங்களுடையதாகட்டும்.

சேலம், 31.5.1986

இங்ஙனம்,
ஆய்வகப் பணியாளர்கள்
எழுத்து: கிடங்கு எழுத்தர் சைபுல்லா

புட்டிக் கணக்கு:
தங்களிடம் தந்தவை 240.
உடைந்தவை 11.
ஒப்படைத்தவை 228.
பாக்கி 1, ஆற்றின் பேரில்.