கோல்கீப்பரிடம் யாரும் கேட்காத கேள்வி

ஆறு அணிகளையும் ஆறு பிள்ளைகளைப் போல் அணைத்து, ஒருவரையும் அடிக்காமல் இந்தப் பருவத்தை முடித்து வைத்திருக்கும் அவைத்தலைவர் சாதிக் பாட்ஷா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் அணித்தலைவர்களே! அஜ்மானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் பெரியவர்களே! விடுமுறை நாளிலும் விடியலுக்கு முன் எழுந்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து, இருபது பாட்டில்களில் நிரப்பி, எங்கள் பிள்ளை என்றும் எதிரணிப் பிள்ளை என்றும் பாராமல் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்த தாய்மார்களே! ஷார்ஜா முவைலா மைதானத்தின் மணலைச் செருப்பிலும் சட்டையிலும் சுமந்து இந்த மண்டபம்வரை கொண்டுவந்திருக்கும் ரசிகத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ரசிகர்கள் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் தலைவர். இரண்டு வார்த்தையில் முடிக்கிற மாதிரி இந்தப் பருவம் எங்களை விடவில்லை. கோப்பை வாங்கியவர்களுக்கு வாழ்த்துப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். தோற்றவர்களின் பேச்சுக்குத்தான் நேரம் வேண்டும்.

நான் முவைலா மின்னல்களின் ரசிகன். ஏழாண்டு ரசிகன். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அரையிறுதியில் நான்கு கோல் போட்டு ஐந்து கோல் வாங்கிய அணி எங்கள் அணி. அன்று ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆதித்யா என்னிடம் வந்து, "அங்கிள், நாலு கோல் போட்டும் தோத்தா நான் வேற என்னதான் செய்யணும்?" என்று கேட்டான்.

நான்கில் மூன்றைப் போட்டவன் அவன். அவன் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. செய்ய வேண்டிய நாளில் செய்யவில்லை. அந்த நாள் அரையிறுதி நாள் அல்ல. செப்டம்பர் மாதத்து டிராஃப்ட் இரவு.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் கால்பந்துக் கழகத்தில் எந்த வீரரும் எந்த அணிக்கும் சொந்தமில்லை. ஆண்டுதோறும் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலுக்குத் திரும்பும். ஆபீஸில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவரும், தொழிலாளர் கேம்ப்பில் பன்னிரண்டு பேரோடு படுத்திருப்பவரும் ஒரே பட்டியல், ஒரே வரிசை. அணித்தலைவர்கள் முறைவைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். பத்துச் சுற்று, அறுபது பேர். இதில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. முதல் சுற்றில் ஒவ்வொரு அணியும் தன் பழைய ஆள் ஒருவரைத் திரும்பக் கூப்பிடும். எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்களோடு இரு என்று சொல்கிற வழக்கம் அது.

எங்கள் வீட்டுப் பிள்ளை யார்? முந்தைய ஆண்டு பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்பதே கோல் விட்டவர் யார்? மூன்று பெனால்டிகளை முழங்கையாலும் முகத்தாலும் மார்பாலும் தடுத்தவர் யார்? சஜா கேம்ப்பில் இருந்து, ஆறு நாள் சாரம் கட்டிவிட்டு, ஏழாவது நாள் எங்கள் கம்பத்துக்குக் காவல் நின்றவர் யார்?

ஆமாம். நீங்கள் சொன்ன பெயர்தான். பாலகுரு.

அன்றைக்கு அஜ்மானில் ஓர் உணவகத்தின் மாடி. ஆறு மேசைகள். எங்கள் மேசையில் அணித்தலைவர் வாசு, அவருக்குப் பக்கத்தில் நான். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. சமோசா சூடாக இருந்தது, உட்கார்ந்தேன். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு பாலகுரு. கேம்ப்பில் அனுமதி வாங்கி, நண்பர் ஒருவரின் வேனில் வந்திருந்தார். வீரர்கள் அந்த இரவுக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் வந்திருந்தார்.

வாசுவின் கையில் விண்ணப்பத் தாள்கள். ஆகஸ்ட் மாதத்தில் எல்லோரும் நிரப்பிக் கொடுத்தவை. பெயர், வேலை, கேம்ப், டூட்டி நேரம், லீவு. பாலகுருவின் தாளில் லீவு என்ற கட்டத்தில் ஜனவரி என்று எழுதியிருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிற இரண்டு மாத லீவு. வாசு அதை விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "சார், ஜனவரியில ஊருக்குப் போயிடுவார். செமிக்கு ஆள் இருக்க மாட்டார். ஆள் இல்லாத சீசனுக்கு முதல் சான்ஸ எப்படி சார் வேஸ்ட் பண்றது?"

கணக்காகத்தான் பேசினார். நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன்.

முதல் சுற்றில் எங்கள் முறை வந்தது. வாசு எழுந்து ஆதித்யாவின் பெயரைக் கூப்பிட்டார். முந்தைய ஆண்டு அஜ்மானுக்கு ஆடிய பையன். மாடியில் ஒரு சலசலப்பு. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. நாங்களும் பாலகுருவைக் கூப்பிடவில்லை, மற்ற ஐந்து மேசைகளும் கூப்பிடவில்லை. அஜ்மான் அணித்தலைவர் நிஜாம் ஒருமுறை பேனாவை அந்தப் பெயருக்கு நேராக வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார். ஏன் என்று பல வாரம் கழித்துக் கேட்டேன். இதோ மேடையில்தான் இருக்கிறார், மறுக்கட்டும். "உங்க ஆள நீங்களே விட்டுட்டீங்க. அப்ப கையிலயோ முட்டியிலயோ ஏதோ அடி இருக்குன்னு நெனச்சோம் பாய்" என்றார்.

பாருங்கள். நாங்கள் விட்டதால் அவர்கள் விட்டார்கள். அவர்கள் விட்டதால் நாங்கள் விட்டது சரியென்று நினைத்தோம். ஆறு மேசை, அறுபது பெயர், பத்துச் சுற்று. அறுபது பெயரில் அந்த ஒரு பெயர் இல்லை.

பத்தாம் சுற்று முடிந்ததும் பாலகுரு எழுந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். மணிமாறனுக்கும் கொடுத்தார். தடுப்பாட்டக்காரரான மணிமாறனை, உயரமாக இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் கோல்கீப்பர் ஆக்கியிருந்தோம். படிக்கட்டில் நான் பாலகுருவின் தோளைத் தட்டினேன். "லீவுக்குப் போறீங்களாமே, நல்லபடியா போயிட்டு வாங்க" என்றேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "சரிண்ணே" என்றார். இறங்கிப் போனார்.

பருவம் தொடங்கியது. ஞாயிறுதோறும் அவர் மைதானத்துக்கு வந்தார். எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்துகொண்டு, மணிமாறனுக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பார். இடது பக்கம் நகரு, முன்னால் வா, பந்தைப் பார், ஆளைப் பார்க்காதே. அவர் சொல்லித்தான் நாங்கள் வாங்கிய கோல் முப்பதுக்குள் நின்றது. பதினோரு ஆட்டங்களில் இருபத்தேழு கோல்.

அக்டோபர் போனது. டிசம்பர் போனது. ஜனவரி வந்தது. ஜனவரியிலும் பாலகுரு கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தோழர்களே, எங்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்? லீவில் போயிருக்க வேண்டியவர் ஏன் இங்கே இருக்கிறார் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது? எனக்குத் தோன்றவில்லை. பத்திரிகையில் முப்பதாண்டு செய்தி எழுதியவனுக்குத் தோன்றவில்லை.

அரையிறுதி நாளுக்கு வருகிறேன். காலை எட்டரை மணி ஆட்டம். நான் ஏழரைக்கே போய்விட்டேன். மைதானத்தில் ஒருவர்தான் இருந்தார். கம்பத்துக்குப் பின்னால், கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு வீடு. மஞ்சள் சுண்ணாம்பு காயாத புதுச் சுவர், வாசலில் வாழை, கூட்டம். அவருடைய மனைவி பானுமதி புது அடுப்பின்மேல் பால் பானையை வைத்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் அப்போது ஒன்பது மணி, முகூர்த்த நேரம். பால் பொங்கியது. யாரோ போனைத் திருப்பிச் சுவர், ஜன்னல், படிக்கட்டு என்று காட்டினார்கள். பாலகுரு திரையைத் துடைத்தார். திரையில் தூசி ஒன்றுமில்லை.

"யார் வீடு?" என்றேன்.

"என் வீடுண்ணே."

பக்கத்தில் உட்கார்ந்து விவரம் கேட்டேன். பத்து ஆண்டு சாரத்தின்மேல் நின்று கட்டிய வீடு. வாடகை வீட்டைத் தைக்குள் காலி செய்யவேண்டி இருந்ததால் முகூர்த்தத்தைத் தள்ள முடியவில்லை. அவரோ லீவைத் தள்ளியிருந்தார். பருவம் முடிந்த பிறகு போகிறேன் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, டிராஃப்ட் இரவுக்கு மூன்று நாள் முன்பு கையெழுத்தும் வாங்கியிருந்தார். கையெழுத்தான தேதியைக் கம்பெனி மறுபடி மாற்றாது. போன வருஷம் இறுதியாட்டத்தில் தோற்றோமே, இந்த வருஷம் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு என்று நினைத்திருந்தார். அந்தக் காகிதம் அன்று அந்த நீலச் சட்டைப் பையில் இருந்தது. அதைச் சொல்லத்தான் அந்த மாடிக்கு வந்திருந்தார்.

"ஏன்யா சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேப்பாங்கன்னு நெனச்சேண்ணே."

தாய்மார்களே, பெரியோர்களே! இந்த வளைகுடாவில் நாம் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பது என்ன? சாப்பிட்டாயா என்பது இரண்டாவது. சௌக்கியமா என்பது மூன்றாவது. முதலில் கேட்பது, "லீவு எப்ப?" லிஃப்ட்டில் கேட்கிறோம், பஸ்ஸில் கேட்கிறோம், முடிவெட்டும் கடையில் பெயர் தெரியாதவரிடம் கேட்கிறோம். நேற்று ஊரிலிருந்து வந்து இறங்கியவனிடம்கூடக் கேட்டு அவன் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்கிறோம். ஷார்ஜாவில் கேட்கிறோம், தம்மாமில் கேட்கிறோம். ஒரு நாளைக்கு ஒன்பது பேரிடம் கேட்கிற கேள்வியை, அந்த ஓர் இரவு, அந்த ஒரு மனிதரிடம், ஆறு மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. ஏன்? பதில் தாளில் இருந்தது. தாள் கையில் இருந்தது. ஆள் பத்தடி தூரத்தில் இருந்தார்.

நானாவது கேட்டிருக்கலாம். படிக்கட்டில் வாய் திறந்தேன். "லீவு எப்ப?" என்று கேட்டிருந்தால் பையிலிருந்து காகிதம் வெளியே வந்திருக்கும். "லீவுக்குப் போறீங்களாமே" என்று நானே பதிலைச் சொல்லிவிட்டேன். கேட்பதை விட்டுச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஒரு மானமுள்ள மனிதன் என்ன செய்வான்? "சரிண்ணே" என்பான்.

அன்று தோற்ற பிறகு வாசுவிடம் சொன்னேன். அவர் காருக்குள் உட்கார்ந்திருந்தார். "பேப்பர்ல ஜனவரின்னுதானே சார் இருந்துச்சு" என்றார். பிறகு, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். நல்ல மனிதர். ஆனால் மூன்று ஞாயிறு ஓடிவிட்டது. போய்ப் பேசக் கூச்சம். கூச்சம் அவருக்கு மட்டுமா, எனக்கும்தான்.

இதற்கிடையில் கேம்ப்பில் பாலகுரு ஒன்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டு பட்டியலுக்குப் பெயர் கொடுக்கப்போவதில்லையாம். கோபமாகச் சொல்லவில்லையாம். முட்டி வலிக்குது என்றாராம். அவர் முட்டியை எனக்குத் தெரியும். வலிக்கிற இடம் முட்டி இல்லை.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன் ஐயா.

நான் வருந்துவது ஐந்து கோலுக்கு அல்ல. கோல் அடுத்த ஆண்டு அடிக்கலாம், கோப்பை அடுத்த ஆண்டு வாங்கலாம். ஒரு வீட்டில் முதன்முதலாகப் பால் பொங்குவது ஒருமுறைதான். அந்த ஒருமுறையை அவர் எங்களுக்குக் கொடுத்தார். நாங்கள் வாங்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொடுத்தார் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. அதை எந்த விதியாலும் திருப்பித் தரமுடியாது. விதியை மட்டும் மாற்றலாம். அவைத்தலைவர் அவர்களே, இனி டிராஃப்ட் இரவில் ஒரு பெயரைத் தாண்டிப் போகும் முன், அந்த மனிதரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாண்டட்டும். இதை நான் ரசிகர்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

தலையசைக்கிறார். நன்றி ஐயா.

இப்போது செப்டம்பரில் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். தாமதம்தான். கடைசி வரிசையில், இன்றும் கதவோரம்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பாலகுரு, லீவு எப்ப?

முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. செவ்வாய்க்கிழமை என்கிறார். சாயங்காலம் ஆறு மணி விமானம், அறுபது நாள்.

சற்றுப் பொறுங்கள். வாசு எழுந்திருக்கிறார். அணித்தலைவரே, மைக் வேண்டுமா? வேண்டாம் என்கிறார். அங்கிருந்தே ஏதோ கேட்கிறார்.

கேட்டீர்களா? "செவ்வாக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நான் வண்டி எடுத்துட்டு வரட்டுமா?" என்கிறார். விமானநிலையத்தில் கொண்டுபோய் விடுவதென்றால் இந்த ஊரில் அது கூடப்பிறந்தவன் உறவு என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். நான் விளக்க வேண்டாம்.

பாலகுரு யோசிக்கிறார். யோசிக்கட்டும், யாரும் கைதட்டாதீர்கள். ஆ, சொல்கிறார். "முப்பது கிலோ பொட்டி இருக்கு கேப்டன், புது வீட்டுக்கு மிக்ஸி ஒண்ணு தனியா இருக்கு. டிக்கியில எடம் இருக்குமா?"

இருக்கும் பாலகுரு. நான் உத்தரவாதம். இடம் போதாவிட்டால் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெயர் கொடுப்பாரா என்று இந்த மேடையிலிருந்து நான் கேட்கமாட்டேன். அதை வாசு வண்டியில் கேட்பார். பதில் எதுவானாலும் பாலகுருவின் வாயிலிருந்து வரட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட ஒருவருக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.