சபைக்குக் கொடுத்த தண்ணீர்

புத்தளம் பேருந்தில் நுரைச்சோலையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மூத்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"எங்கட ஒழுங்கை வீட்டுக் குழாய்த் தண்ணி நல்லமென்டு பிரதேச சபையில எழுதிட்டாங்க. குத்தம் என்னிலதான்."

"உங்கள்ல என்ன குத்தம், ராத்தா? வாயில வெக்க ஏலாத உப்புத் தண்ணிதானே."

"தண்ணி சோதிக்கச் சபையிலருந்து ஒருத்தர் வந்தாரு. ஆம்புளயள் இல்லாத வீடென்டு கேற்றடியிலேயே நின்டு, குழாய்த் தண்ணி பிடிச்சுத் தாங்கன்டு போத்தல நீட்டினாரு. நான் காசுக்கு வாங்கின ஃபில்டர் தண்ணிய ஊத்திக் குடுத்தேன்."

மூத்தவரே தொடர்ந்தார்.

"வாசலுக்கு வந்த மனிசன். அந்த உப்புத் தண்ணியக் குடுக்க எனக்கு வெக்கமா இருந்திச்சு. இப்ப சபை தர இருந்த ஃபில்டர் மெஷின் எங்கட ஒழுங்கைக்குத் தேவையில்லையாம்."

பேருந்து உப்பளங்களைத் தாண்டியது.

"ஒண்டுதான் எனக்கு விளங்கல்ல," என்றார் மூத்தவர். "ஒழுங்கையில எல்லா வீட்டிலயும் போத்தல் குடுத்துத்தான் எடுத்தாரு. அதுகளும் எப்பிடி நல்லமென்டு வந்திச்சு?"

இளையவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

"நானும் ஃபில்டர் தண்ணிதான் குடுத்தேன், ராத்தா."