சனிக்கிழமை வரைக்கும் வீடில்லாமல் இரு

"ஹலோ... ஹலோ, பக்கிரி... ம், கேளு. 'வீடின்மை என்பது தனிமனிதனின் துயரம் அன்று. அது ஒரு நாகரிகத்தின் நெஞ்சில் விழுந்த விரிசல். அந்த விரிசலை அடைக்காமல் எங்கள் பேரவை கண்மூடாது.' ... எப்படி? ... ஆமா, நானே எழுதினது. மூணு நாளாச்சு. ... ஏன் சிரிக்கிற? ... இல்ல, சிரிச்ச. எனக்குக் கேட்டுச்சு லா."

வீடற்றோர் மறுவாழ்வுப் பேரவையின் தலைவர் சிவநேசன், பிரிக்பீல்ட்ஸில் தமக்குச் சொந்தமான கடைவீட்டின் கீழ்த்தளத்தில், ஏர்கோனைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். எதிர்முனையில் பக்கிரிசாமி. அதே தெருவில், கடை வரிசையின் ஐந்தடி நடைபாதையில், இரண்டு வருடமாகப் படுத்தெழும் ஆள். வருகிற சனிக்கிழமை நடக்கும் கருத்தரங்கில் சிறப்பு விருந்தினரான டத்தோவுக்கு முன்னால் நின்று தன் கதையைச் சொல்லப்போகும் 'நேரடிச் சாட்சி'யும் அவர்தான். அந்தக் கதையை ஒத்திகை பார்க்கத்தான் இந்த அழைப்பு. என் கதைக்கு எதற்கு ஒத்திகை என்று பக்கிரி முன்பொருமுறை கேட்டதுண்டு. தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

"சரி, சரி. இப்ப நீ சொல்லு. எதனால ரோட்டுக்கு வந்த? ... ம். ... ஜாகா வேலை, வாட்ச்மேனு... ம்... கம்பெனி ஆளுங்க தங்குற கோங்சியிலதான் படுக்கை, சரி... கான்ட்ரெக்ட் போச்சு, வேலை போச்சு... அன்னைக்கே படுக்கையும் போச்சு... ம்... ரோட்டுல படுத்தப்ப எவனோ பேக்கத் தூக்கிட்டான், அதுல இருந்த அடையாள அட்டை, ஐசி போச்சு. ஐசி இல்லாம வேலை இல்ல, வேலை இல்லாம ரூம் இல்ல... ம், ம், தெரியும். குடி எப்ப ஆரம்பிச்ச? ... குடிக்க மாட்டியா? ... பீரு கூடவா? ... ஸ்லைடு ஆறுல போட்டுட்டேனே லா! 'அடிப்படைக் காரணம்: மதுப்பழக்கம்.' பக்கத்துல உன் போட்டோ. ... எடுக்க முடியாது, டிசைன் பண்ண பொண்ணு விஷ்ணுப்ரியா லீவுல இருக்கு. ... சரி, குடும்பத் தகராறாவது உண்டா? ... கல்யாணமே ஆகலையா. ... என்னப்பா நீ, ஒண்ணுக்குமே உதவ மாட்டேங்கிற. ... ஆமா, வேலையும் படுக்கையும் ஒரே மொதலாளி கையில இருந்தா ரெண்டும் ஒண்ணா போகும்... நல்ல பாயிண்டுதான், யாரு இல்லன்னா. ஆனா அதுக்கு ஸ்லைடு இல்லியே."

சிவநேசன் நாட்காட்டியில் சனிக்கிழமையைச் சுற்றி இன்னொரு சிவப்பு வட்டம் போட்டார்.

"காலையில எட்டு மணிக்கு அதே இடத்துல இரு. உன்ன ஏத்திட்டு வரக் காடி அனுப்புறேன். ... எந்த இடமா? நீ படுக்கிற இடம் லா, வேற எது? ... இல்லியா? ... எங்க இருக்க இப்ப? ... கிள்ளான்லயா? கிள்ளான்ல என்ன பண்ற? ... ரூமா? யாரு ரூமு? ... உனக்கா?"

நாற்காலி கிறீச்சென்று நிமிர்ந்தது. எந்த ஒரு நாளுக்காக நான்கு வருடமாய்ப் பாடுபடுவதாகப் பேரவையின் ஆண்டறிக்கை சொல்கிறதோ, அந்த நாள் வந்தேவிட்டது. தலைவரின் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகம் போல ஆனது.

"எப்பலேருந்து? ... திங்கக்கிழமை. நாலு நாளா வீட்டுல இருக்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. ... ரூம் குடுத்த அம்மா யாரு? ... இராஜம்மா. ஞாயித்துக்கிழமை சோறு பொங்குஸ் கட்டிக் கொண்டாந்து குடுப்பாங்களே, அவங்களா? ... டெபொசிட் எவ்வளவு? ... கேக்கவே இல்லியா? ... ஒரு மாசம் கூட? ... பக்கிரி, இது முறையில்ல லா. நம்ம திட்டத்துல ஏழு படி இருக்கு. மொதல்ல கவுன்சலிங். அப்புறம் ஒழுக்கம், அப்புறம் பயிற்சி, சேமிப்பு... கடைசியிலதான் ரூம். நீ நேரா ஏழாவது படியில போயி குந்திக்கிட்டா நடுவுல உள்ளதெல்லாம் என்னாகுறது? ... தெரியும், அரசாங்க ஆளுங்க உன்ன ஒரு தடவ லோரியில ஏத்திட்டுப் போனாங்க... ரெண்டு வாரம் சோறு போட்டு மறுபடியும் அதே தூணுகிட்ட இறக்கிட்டாங்க... ம். அது நாங்க இல்ல. நாங்க டீ-சட்டை குடுத்தோம். ... பெருசா இருந்துச்சா? ... தூக்கமா? ... மொதல்ல தூங்கி எழுந்தா மத்ததெல்லாம் தானா வருதா? ... அப்படிப் பட்டுனு சொல்லிடக் கூடாது. அதுக்குத்தான் நான் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்."

மறுமுனை வெகுநேரம் பேசியது.

"என்னது? தாப்பாளா? ... உள்ளேருந்து போடுற தாப்பாளு. சரி. எல்லாக் கதவுலயும்தான் இருக்கும். ... ம். ... ரெண்டு வருஷமா செருப்பத் தலைக்கு வச்சுக்கிட்டே... ம். ... சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு... ம்."

தலைவர் உரைத்தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அப்போது பார்த்து, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பேனர் கண்ணில் பட்டது. தாளை மறுபடியும் நிமிர்த்திக்கொண்டார்.

"பக்கிரி, தம்பி, நான் சொல்றதக் கோவப்படாமக் கேளு. இன்னைக்கு வியாழன். ரெண்டே நாளு. சனிக்கிழமை வரைக்கும் கொஞ்சம்... வீடில்லாம இரேன். ... இல்ல, இல்ல, ரூம விடச் சொல்லல! ரூம் ரூமா இருக்கட்டும். மேடையில மட்டும். ... பொய் இல்ல லா. போன வாரம் வரைக்கும் உண்மையா இருந்ததுதானே? ... டத்தோ வராரு. பிரியாணி நூத்தம்பது பொட்டலம் சொல்லியாச்சு. பேனர் அடிச்சாச்சு, உன் தாடியோட. ... சவரம் பண்ணிட்டியா! ... முடியும் வெட்டிட்டியா! ... சனிக்கிழமைக்குள்ள வளராதே லா! ... வேலையா? வீடில்லாதவனுக்குச் சனிக்கிழமை என்ன வேலை... ஓ. ஆமா. சரி. ... கிள்ளான் பாசார்ல, லோரியிலேருந்து காய்கறி இறக்குறது. ம். ... ஐசி இல்லாம எப்படிச் சேத்தாங்க? ... அந்த அம்மாவே கூட்டிட்டுப் போயி, அவங்க வீட்டு அட்ரஸையே போட்டு, புது ஐசிக்கு எழுதிக் குடுத்தாங்களா. ... ஒரே காலையிலயா? ... இல்ல, ஒண்ணுமில்ல. எங்க செயற்குழுவுல அது எட்டு மாசமா பரிசீலனையில இருக்கு. அதான்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு முகம் மெல்லத் தெளிந்தது.

"சரி, நீ வர வேணாம். உன் பக்கத்துல ஒல்லியா ஒருத்தன் படுப்பானே... லோகன். அவன் இன்னும் ரோட்டுலதானே இருக்கான்? ... நல்லது! ... இல்ல, நல்லதுன்னா... நல்லதுன்னு சொல்லல லா! ... அவனுக்குத் தாடி இருக்கா? ... பேனர்ல போட்டோவ மட்டும் மேல ஒட்டிடலாம். ... யாரு? ... யாருகிட்டக் குடுக்குற போன? வேணாம் பக்கிரி, நான் அப்புறமாக் கூப்பிடுறேன்... வணக்கங்க்கா!"

குரல் ஒரே மூச்சில் இரண்டு கட்டை இறங்கியது. ஒரு கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது. இராஜம்மா இருப்பது கிள்ளானில் என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்கேங்க்கா. ... ஆமாங்க்கா. ஆமா, ஆமா. ... ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரா? எதுலேருந்து கேட்டீங்க? ... நாகரிகத்தின் நெஞ்சுலேருந்தேவா. ... இல்லீங்க்கா, ஒரு நிகழ்ச்சிக்காகத்தான்... ஆமா. தப்புதான். ... ஆமாங்க்கா, தப்புதான். ... என்னங்க்கா? பக்கிரி வருவாரா? நீங்களே பாசார்ல லீவு கேட்டுக் குடுப்பீங்களா! ... வீடு கிடைச்ச ஆளாவே வந்து பேசுவாரா! அட, அது இன்னும் பிரமாதமா இருக்கே! 'பேரவையின் முதல் வெற்றி'ன்னு... ... பேரவை என்ன செஞ்சுச்சா? ... ஊக்கம் குடுத்துச்சுங்க்கா. ... சிரிங்க, பரவால்ல. ... சரி, உங்க பேரையும் போட்டுடுறோம். ... பேரு வேணாமா? பின்ன? ... ஒண்ணே ஒண்ணா? கேளுங்க்கா, எதுவா இருந்தாலும் செஞ்சுடுவோம்! ... லோகனுக்கு ஒரு ரூம். ரொம்ப நல்ல எண்ணம். அடுத்த செயற்குழுவுல வச்சு... ... செயற்குழு வேணாமா. ... எங்க? எந்த மாடி? ... நான் உக்காந்திருக்கிற இடத்துக்கு மேலயா."

சிவநேசன் அனிச்சையாகக் கூரையைப் பார்த்தார்.

"... ம். ... ஜன்னல்ல இருக்கிற 'வாடகைக்கு' அட்டையப் படிச்சீங்களா. ... ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் படிப்பீங்களா. ... அது வந்துங்க்கா, ஆபீஸ் ஆளுங்களுக்குன்னு வச்சிருக்கேன்... நல்ல குடும்பமா... மூணு மாச டெபொசிட்டோட... ... தெரியும்ங்க்கா, ஒண்ணு போதும்னுதான் கேக்குறீங்க, ஆனா... ... டத்தோ முன்னாடியா? பக்கிரி அத டத்தோ முன்னாடியா சொல்வாரு? ... ஹலோ? ... ஹலோ, அக்கா? விட்டு விட்டுக் கேக்குது... கிள்ளான் பக்கம் மழை போல... லைன் சரியில்ல... ஹலோ... ஹலோ..."

சிவநேசன் சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

லைன் சரியாகத்தான் இருந்தது. மாடியில் மூன்று அறைகள். மூன்றும் போன தீபாவளியிலிருந்து காலி.