ஜன்னல் அக்காவின் ஐந்து நாள்

மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நம் கல்லூரியில் இருப்பது ஒரே ஒரு மரம். அதைப் பதினொரு கோணத்தில் படம் பிடித்தேன். பார்த்தவர்களுக்குச் சோலை தெரிந்தது என்றால் அது அவரவர் கண்ணின் தாராள மனசு. சோலை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வேண்டுமானால் எல்லா வீடியோவையும் போட்டுப் பாருங்கள். "மரத்தடியில் உட்கார்ந்து படிக்கலாம்" என்றுதான் இருக்கும். உட்காரலாம். மூன்று பேர், கொஞ்சம் நெருங்கினால் நான்கு.

விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், மூவரும் படித்த வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அப்பா லாரி மெக்கானிக். இதே கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் அப்போது ஒரு குளம் இருந்தது. குளத்தில் இரண்டு அன்னம். சேர்ந்த அன்று நானும் அப்பாவும் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிடம் கட்டிடமாகக் குளத்தைத் தேடினோம். கடைசியில் அப்பா காவலாளியிடம் போய் நின்றார். "அண்ணே, இந்தக் குளம் எந்தப் பக்கம்?"

"போன வருஷமும் இதேதான் கேட்டாங்க. மழை பெய்யட்டும், வந்துடும்."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த அன்னங்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. விவரம் தெரிந்த ஒரு ஆள் வீட்டில் இருந்திருந்தால் ஒரே ஒரு ஃபோனில் விசாரித்திருப்பார். எங்களுக்கு யாரைக் கேட்பது என்பதே தெரியாது. ஆகவே, படித்து முடித்துவிட்டு இங்கேயே சேர்க்கைப் பிரிவில் சமூக ஊடகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தபோது, முதல் காரியமாகக் குளத்தைத் தூக்கினேன். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் குளம் எதற்கு? ஒரு அக்கா போதும்.

அப்படிப் பிறந்தவள்தான் ஜன்னல் அக்கா. இரண்டாம் ஆண்டு மாணவி. விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்து, முகம் காட்டாமல், வெளியே தெரியும் மரத்தைக் காட்டிக்கொண்டு பேசுவாள். குரல் என்னுடையது. ஜன்னல் மூன்றாம் மாடியில் என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பது. விடுதி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், அதை யார் பார்ப்பார்கள்.

மற்ற கல்லூரிக்காரர்கள் ட்ரோன் விட்டார்கள், ஆடினார்கள், வேலை கிடைத்தவர்களின் படத்தை ஒட்டினார்கள். பாவம், தொழில் தெரியாதவர்கள். பிள்ளைகளை இழுக்க வேண்டுமானால் கல்லூரியைப் பற்றிப் பேசவே கூடாது. நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். யாருக்கு வீட்டில் சண்டை, யாருடைய நாய்க்குக் காலில் அடி, யார் இங்கிலீஷ் என்றால் நடுங்குவார்கள், எல்லாம் அதில் இருக்கும். பிறகு வேலை சுலபம். மூன்று நாள் "சாப்பிட்டியா" என்று கேட்க வேண்டும். வேறு எதுவும் கேட்கக் கூடாது. நாலாம் நாள் ஒரு சின்னச் சந்தேகம், போகிற போக்கில் கேட்பதுபோல. ஐந்தாம் நாள் அவர்களே பேனாவைத் தேடுவார்கள். போன வருடம் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். "உனக்கு ஏதோ வசியம் தெரியும்மா" என்றார் தாளாளர். சாப்பாட்டைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

சுண்டெலி வந்தது இந்த வருடம். அது ஒரு பெண் தன் சமூக ஊடகக் கணக்குக்கு வைத்துக்கொண்ட பெயர். அம்மா தையல்காரி, அப்பா இல்லை. அவளிடம் நான் "சாப்பிட்டியா" என்று ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, அந்த மரம் எவ்ளோ உயரம்?"

"அளந்ததில்லடி."

"ஒரு ஸ்கேலை நிறுத்தி அதோட நிழலை அளங்க. அப்பவே மரத்தோட நிழலையும் அளந்து சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வெயிலில் இறங்கிப் போய் அளந்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முப்பத்தோரு அடி என்று பதில் வந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் அந்த மரத்தைப் பார்த்துவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு அரசாங்கத்தின் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது. கணக்குப் படிக்கிறவர்கள் கனவில் பார்க்கிற இடம். அதே வாரம் தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"கணக்குத் துறைல பதினாலு பேர் நிக்குது. பதினஞ்சு வரலன்னா துறையைப் பூட்டிடுவேன். அப்படியே உன் ஜன்னலையும்."

நான் சுண்டெலியிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "நல்ல இடம்டி. எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுவாங்க, நீ போகப் போகப் பழகிக்குவ. முதல் ஆறு மாசம் யாரும் பேச மாட்டாங்க, அப்புறம் சரியாயிடும். அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு, ஊசில நூல் கோக்க முடியுதா?" இதில் எது பொய், சொல்லுங்கள்.

 மறுநாள் பதில் வந்தது. "பயமாத்தான் இருக்குக்கா. ஆனா போறேன்."

இடத்தை உறுதி செய்ய வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசி. அவள் ஃபோன் பழசு, அந்தக் கல்லூரியின் இணையப் பக்கம் அதில் திறக்கவே இல்லை. தெரிந்த படித்தவர் என்று அவளுக்கு இருந்தது நான் ஒருத்தி. பாஸ்வேர்டை அனுப்பினாள். ஓடிபி வந்ததும் அதையும் அனுப்பினாள். "நீங்களே அழுத்திடுங்கக்கா. எனக்குக் கை நடுங்குது."

எனக்கு நடுங்கவில்லை. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஏற்கிறேன், விலகுகிறேன். மணி நாலு நாற்பது. நான் விலகுகிறேன் என்பதை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். பிறகு அவளுக்கு "முடிஞ்சுது" என்று போட்டேன். அதுவும் பொய்யில்லை.

கணக்கு வாத்தியாரின் வேலையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்லலாம். நீங்கள் நம்பவும் கூடும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர் ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்தது புத்தகமும் கையுமாக நின்ற அப்பாதான். எனக்கு யாரும் வழி சொல்லவில்லை. இவளுக்கு மட்டும் எல்லாம் தானாகத் திறந்தால் எப்படி? போதாததற்கு, அங்கே இவளுக்கு அக்கா என்று யார் இருக்கிறார்கள்?

திங்கட்கிழமை அம்மாவும் பெண்ணும் பெட்டியோடு அந்தப் பெரிய கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இல்லை. "நீங்களே வெள்ளிக்கிழமை நாலு நாற்பதுக்கு விலகியிருக்கீங்களேம்மா" என்றாராம் அங்கிருந்த எழுத்தர். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும் என்று ஜன்னல் அக்கா ஆறுதல் சொன்னாள். சரி, அது ஒன்று பொய். "நான் இருக்கேன்ல, இங்க வந்துடு" என்றாள். புதன்கிழமை வந்தார்கள். பதினைந்தாவது கையெழுத்துக்குப் பேனா நீட்டியது நான்தான். குரலைக் கண்டுபிடித்துவிடுவாளே என்று தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டினேன். அவள் அம்மா கைப்பையைத் துழாவி ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் சுண்டெலி என் அறைக்கு வந்தாள். கையில் கோணமானி. ஜன்னலோரம் நின்று மரத்தைப் பார்த்து ஏதோ அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, "இங்கதான்" என்றாள். வீடியோவில் மரம் தெரிகிற சாய்வை வைத்து மாடி மாடியாகத் தேடி வந்திருக்கிறாள்.

"நீங்க ரெண்டாம் வருஷம்னு சொன்னீங்களே."

"ரெண்டாம் வருஷம்தான். வேலைக்கு வந்து."

அவள் சிரித்தாள். கோபமே படவில்லை. அதிலிருந்து வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். நோட்டைப் புரட்டிப் படிப்பாள். மூன்று நாள் ஏன், நாலாம் நாள் என்ன என்று விளக்கினேன். கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் முதல் மதிப்பெண் அவள்தான். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வந்த புகாரில் மரமும் ஜன்னலும் மட்டும்தான் இருந்ததாமே. கையெழுத்து இல்லாமல், கட்டம் போட்ட தாளில் எழுதியிருந்ததாகச் சொன்னீர்கள். யாரோ பொறாமை பிடித்த பக்கத்துக் கல்லூரிக்காரர்களாக இருக்கும். நானும் அந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் விசாரணை என்றதும் சுண்டெலிக்கு என்மேல் ஒரே கவலை. திங்கட்கிழமை வந்து, "சாப்பிட்டீங்களாக்கா?" என்றாள். செவ்வாயும் கேட்டாள். புதனும் கேட்டாள். இத்தனை வருடத்தில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை, எனக்குத் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. நேற்று கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒரு சின்னச் சந்தேகம்க்கா. அன்னிக்கு நீங்க எந்தப் பொத்தானை அழுத்துனீங்க?" என்றாள். சொல்லிவிட்டேன். "அப்படியா. அதையும் எழுதிடுங்க, மனசு லேசாயிடும்" என்றாள். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

இன்று காலையில் எழுத உட்கார்ந்தால் என்னிடம் பேனா இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து நீட்டினாள். பாசம் என்றால் இதுதான். என்மேல் அந்தப் பெண் உயிரையே வைத்திருக்கிறாள்.