கண் மாணவிகள் மேல் இருக்கட்டும்

மழைக்கு முன்னால் முடித்துவிடலாம், ஐயா. கண்டி மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டால் என் குரல் உங்களுக்குக் கேட்காது. குரல்தான் ஆசிரியைக்கு முதல் சொத்து என்று பதினொரு வருடமாக நர்சுமாருக்குச் சொல்லி வருகிறேன்.

உங்கள் விசாரணை அறிக்கையை வாசித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். "நர்ஸ் இராஜேஸ்வரியின் கவனக்குறைவால்" என்ற இடம் மட்டும் பிழை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

இராஜேஸ்வரி பதினெட்டு வருடம் வார்டில் கால் தேய்ந்தவள். மலேரியாக் காலத்தில் கட்டிலுக்கு இரண்டு பேர், கீழே ஒருவர் என்று கிடந்தபோதும் அவள் கையில் ஒரு வேளை மருந்து மாறியதில்லை. போத்தலை எடுக்கும்போதும், ஊற்றும் முன்பும், திரும்ப வைக்கும்போதும் லேபலை உதடு அசைய வாசிப்பாள், எழுத்துக்கூட்டும் குழந்தை மாதிரி. இவளை நர்சுமாருக்குப் பாடம் சொல்பவளாக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. மூன்று மாதத்தில் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு. தயாரானதும் என் ஆசிரியைக் கதிரை அவளுக்கு. எனக்கு ஐம்பது வயதில் மறுபடியும் வார்டு. பெரியவர்கள் எதையும் யோசித்துத்தான் செய்வார்கள்.

நான் மனப்பூர்வமாகவே கற்றுக்கொடுத்தேன். "ஆசிரியை தன் கையைப் பார்க்கக் கூடாது. கண் மாணவிகள் மேல் இருக்கட்டும்" என்றேன்.

"போத்தலப் பாக்காம ஊத்தக் கை வர மாட்டேங்குது, வடிவம்மாக்கா" என்று அழுதாள்.

"வரும்" என்றேன். மருந்துத் தட்டில் ஒவ்வொரு போத்தலுக்கும் ஓர் இடம் வைத்தேன். இடப்பக்கம் இரண்டாவது, மலேரியாவுக்குக் குடிக்கக் கொடுக்கும் கொயினா. தினமும் தண்ணீர்ப் போத்தல்களோடு பழக்கம். கண் கீழே இறங்கினால் பிரம்பால் மேசையில் ஒரு தட்டு. மூன்றாம் மாதம் வாய் விதியைச் சொன்னது, கண் வகுப்பைப் பார்த்தது, கை தானாகப் போனது. பதினெட்டு வருடப் பழக்கத்தைத் தொண்ணூறு நாளில் கழற்றியிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மேலிடத்தார் முன் அவள் பாடம் நடத்திக் காட்ட வேண்டிய பரீட்சை நாளன்று நோயாளியாக இருந்தவர் கெலிஓயாக் கடைக்காரர் பளீல். காய்ச்சல் விட்டிருந்தது. "நாளைக்கு ஊட்டுக்குப் போறன், மிஸ்ஸி. பொஞ்சாதி கோழி அறுத்து ஆக்குறேண்டு சொல்லியிருக்கா" என்று என்னிடம் சிரித்தார். நல்ல மனிதர்.

தட்டை இராஜேஸ்வரியே அடுக்கியிருந்தாள். தொப்பி கோணலாக இருக்கிறது, சரிசெய்துவிட்டு வா என்று அனுப்பினேன். அந்த நேரத்தில் இரண்டாவது இடத்தில் வேறொரு போத்தலை வைத்தேன். விஷ மருந்துக்கான நீலப் போத்தல்கள் தீர்ந்துபோய் எல்லாம் ஒரே மாதிரிப் போத்தலில் வந்த மாதம் அது. லேபலை நான் தொடவில்லை. "மேலே தடவ மட்டும். விஷம்" என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. வாசிக்கிறவளை நான் ஏமாற்றவில்லை.

"லேபல மூணு தடவ வாசிக்கணும்" என்று இராஜேஸ்வரி கணீரென்று சொன்னாள். கண் மாணவிகள் மேல். கை இரண்டாவது போத்தலுக்குப் போனது. பரீட்சிக்க வந்த தலைமை நர்ஸ் மேற்றனும் பெரிய டாக்டரும் அவள் முகத்தையே பார்த்துத் தலையாட்டினார்கள். கொயினாக் கசப்புக்குப் பழகிய பளீல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினார்.

நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றேன். பாடம் நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவளே மீறினால் நன்றாகவா இருக்கும்?

மாலைக்குள் பளீலின் உயிர் போய்விட்டது. கதிரை எனக்கே மிச்சமானது. இராஜேஸ்வரி வேலை போய்க் கடுகண்ணாவையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். தண்ணீர்க் கோப்பையைக்கூட உதடு அசைய மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் தொடுகிறாளாம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனை சறுக்கவில்லை, ஐயா. பாதையில் எண்ணெய் ஊற்றியவள் நான். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். நான் சொன்னதை அணுவளவும் பிசகாமல் செய்தவள் அவள். என்னிடம் படித்த ஒருத்தியும் இன்றுவரை தவறியதில்லை.

பளீலைப் பற்றி ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? அவர் என் வகுப்பில் இல்லையே.