தவசிப்பாறைப் புத்தரைக் குளிப்பாட்டிய மனுவேல் ஐயாவுக்கு

மலையை மிரட்டிச் சாலை போட்ட மாண்பாளரே! வாக்கில் காரமும் நெஞ்சில் ஈரமும் வாய்த்த எங்கள் ஓவர்சியர் மனுவேல் ஐயா அவர்களே!

மழைதோறும் மண் சரிந்த ஆடலூர் மலைச்சாலையைச் சலிக்காமல் சீர்செய்தவர் தாங்கள். தங்களால் காப்பியும் மிளகும் ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தன. தங்களிடம் வசவு வாங்காமல் எங்களில் ஒருவரும் வீடு போய்ச் சேர்ந்ததில்லை!

சாலையோரத் தவசிப்பாறையில் பழங்காலப் பௌத்தத் துறவிகள் உளியால் குடைந்த குகையையும், அதன் சுவரில் செதுக்கிய புத்தரையும் இச்சபை அறியும். 1957இல் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், நம் வழக்கப்படி மைல்கல், தடுப்புக்கல், மரத்தடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். கூலிக்கு வந்த வீரம்மாள், வாளியில் மிஞ்சியதைப் புத்தருக்கும் அடித்துவிட்டார், தலைமுதல் பீடம்வரை! "எல்லாக் கல்லுக்கும் அடிச்சாச்சு, சாமிய மட்டும் அழுக்கா விட்டா நல்லாவாங்க இருக்கும்?" என்பது அவர் வாதம்.

அதிகாரியோ பழம்பொருள்களில் பற்றுடையவர். கண்டதும் கொதித்தார், செய்தவரை உடனே வேலையைவிட்டு நீக்கச் சொன்னார். வீரம்மாளோ கணவரை இழந்து, கைக்குழந்தையோடு பிழைப்புக்கு வந்தவர். தாங்கள் முன்னால் வந்து, "நான் சொல்லித்தாங்க அடிச்சாங்க" என்றீர்கள். அவர் வேலை நிலைத்தது. தங்களுக்கு வரவிருந்த மேற்பதவி அன்றே போயிற்று. கடைசிவரை அது வரவேயில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் மாதாகோவில் பூசை முடிந்ததும் ஈரத்துணியோடு குகைக்கு வந்தீர்கள். வீரம்மாள் தண்ணீர் சுமக்க, சுண்ணாம்பை ஊறவைத்து மூங்கில் குச்சியால் பைய எடுத்தீர்கள். "மூக்குப் பத்திரங்கய்யா" என்று அவர் சொல்ல, "அடிக்கையில இந்தப் பத்திரம் எங்க போச்சு தாயி?" என்று தாங்கள் வைதது மலையெங்கும் கேட்டது. மெல்ல மெல்லப் புத்தரின் முகம் திரும்ப வந்தது.

சென்ற மாதம் தூரதேசத்துப் பிக்குகள் அங்கே கண்மூடி அமர்ந்து ஓதினார்கள். அப்போது கலங்கிய கண்ணுக்கு ஊதுவத்திப் புகையைக் காரணம் சொன்னீர்கள். நாங்கள் நம்பவில்லை ஐயா!

இதையெல்லாம் சபையில் சொல்லத் தாங்கள் இதுவரை விட்டதில்லை. இன்று தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள்; மாலையோடு தங்கள் அதிகாரம் முடிந்தது, சொல்லிவிட்டோம்!

துணைவியார் இசபெல்லா அம்மையாருடன் நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழ்வீராக! எங்களை வையவாவது அவ்வப்போது வந்து போவீராக!

இங்ஙனம்,
மலைச்சாலைப் பிரிவுப் பணியாளர்கள்,
ஆடலூர், 1966

எங்கள் கையெழுத்துகளுக்கு மேலே இருப்பது வீரம்மாளின் கைநாட்டு. "ஐயாவுக்கு மொத ரேகை என்னோடதாத்தான் இருக்கணும்" என்று அவர் எங்களில் யாரையும் முந்த விடவில்லை.